பாகமும் பாக்கியும்: ஊரிலிருந்தே ஒரு சிவில் வக்கீல் தொழில்

1938-இல் தமிழ்நாட்டுப் பெரியவர் ஒருவர் கோர்ட் ஏலத்தில் நிலம் எடுத்தார். அவருக்கு ஒரே மகள். அவர் இறந்தது 1949 ஏப்ரல் 15 என்றது ஒரு தரப்பு. 1957 ஏப்ரல் 14 என்றது மறுதரப்பு. நடுவில் 1956 ஜூன் 17 அன்று இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அதனால் எந்த ஆண்டு சரி என்பதைப் பொறுத்து நிலம் யாருக்கு என்பதே மாறிவிடும் நிலை. மகள் 1967-இல் பிள்ளையில்லாமல் இறந்தார். பெரியவரின் சகோதரருக்கு ஒரு மகன், நான்கு மகள்கள். அந்த மகள்களில் ஒருவர் ஐந்தில் ஒரு பங்கு கேட்டு 1991-இல் பாக வழக்குப் போட்டார். 1949 என்பதே சரி, ஆகவே சொத்து குடும்பத்தில் மிஞ்சியிருந்த ஆண்வாரிசான சகோதரர் மகனுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று விசாரணை நீதிமன்றம் 1994-இல் வழக்கைத் தள்ளியது. உயர் நீதிமன்றம் 2009-இல் அதை உறுதி செய்தது.

2022 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளையும் ரத்து செய்தது. பெரியவர் 1949-இல் இறந்ததாகவே வைத்துக்கொண்டாலும், அந்த நிலம் அவர் சொந்தமாகச் சம்பாதித்தது. சொந்தச் சம்பாத்தியத்தில் பழைய இந்துச் சட்டப்படியும் சகோதரர் மகனைவிட மகளுக்கே முன்னுரிமை. மகள் இறந்தபோது புதிய சட்டம் வந்துவிட்டதால், அது அவருடைய தந்தைவழி வாரிசுகளான ஐந்து பேருக்கும் சமமாகப் போகும். அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி என்ற இந்த வழக்குக்கு முடிவு காண 31 ஆண்டு ஆனது.

காரிமங்கலத்திலோ பாலக்கோட்டிலோ அலுவலகம் போடப்போகும் இளம் வழக்கறிஞர் முதலில் முழுசாகப் படிக்கவேண்டிய தீர்ப்பு இதுதான். சொத்துத் தகராறு என்று வருகிற கட்டுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்விகளில்தான் போய் நிற்கின்றன: சொத்து அவருக்கு எப்படி வந்தது? அவர் எந்தத் தேதியில் இறந்தார்?

காரிமங்கலம் கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் நடுவே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் பேரூராட்சி. பாலக்கோடு வட்டத்திலிருந்து பிரிந்து தனி வட்டமானது. ஒரு பக்கம் பாலக்கோட்டுத் தக்காளி மண்டிகளும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும், இன்னொரு பக்கம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலைகள், இரண்டு மாவட்டங்களிலும் கிரானைட் குவாரிகள். ராகியும் சாமையும் விளைந்த மேட்டு நிலம் நெடுஞ்சாலை ஓரமாக இருந்தால் இன்று மனை விலை பேசுகிறது. தாத்தா காலத்தில் யாரும் பாகம் கேட்காத புஞ்சைக்கு இன்று நாலு பேர் வழக்குப் போடுவதன் காரணம் இந்த விலைதான். வியாபாரமும் நிலமும் ஒரே குடும்பத்தின் கையில் இருப்பதால், பாக்கி வழக்கோடு வந்த கட்சிக்காரரே அடுத்த வருடம் பாக வழக்கோடு வருவார். சென்னையில் இவை இரண்டும் தனித்தனி வக்கீல்களின் துறைகள். இங்கே ஒரே மேசைக்கு வரும். இந்தத் தொழிலை ஊரிலேயே செய்யலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய நியாயம் தேவையில்லை.

நுழைவது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தருமபுரியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பு, பட்டதாரிகளுக்கு மூன்றாண்டுப் படிப்பு. பிறகு தமிழ்நாடு–புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு, அதன்பின் அகில இந்திய பார் தேர்வு. பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். சட்டத்தில் சொன்ன இந்தத் தொகைக்கு மேல் பார் கவுன்சில்கள் வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய கதவு என்பதைத் தருமபுரி மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஜூனியர் காலம்தான் கடினம். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தரவேண்டும் என்று சொன்னது. சீனியரிடம் சேரும் நாளிலேயே இதைத் தயங்காமல் பேசிக்கொள்வது நல்லது. அதைவிட முக்கியம், எந்தச் சீனியர் என்பது. வாய்தா வாங்குவதற்கு மட்டும் ஜூனியரை அனுப்பும் அலுவலகத்தில் இரண்டு வருடம் வீணாகும். பிராது எழுதவும், பழைய பத்திரம் படிக்கவும், சாட்சியைத் தயார்செய்யவும் கூட உட்காரவைக்கும் அலுவலகம் கிடைத்தால், பணம் சற்றுக் குறைந்தாலும் அங்கேதான் இருக்கவேண்டும்.

பத்திரம் படிப்பது என்று சொல்லும்போது கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தத் தொழிலின் பாதி அதில்தான் இருக்கிறது.

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஆகவே காரிமங்கலம் பக்கத்து நிலத்தின் தாய்ப் பத்திரம் சேலம் மாவட்டம் என்று ஆரம்பிக்கும். தாலுகா பெயரும் இன்றைய பெயராக இருக்காது. பழைய சர்வே எண் ஒன்று, இன்றைய எண் வேறு. பத்திரத்தில் ஏக்கர், சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ். ஒரு ஏக்கர் சுமார் நாற்பதரை ஏர்ஸ் என்ற கணக்கை மனதிலேயே போடத் தெரியாதவர், அண்ணன் விற்றது தன் பங்கையா தங்கை பங்கையும் சேர்த்தா என்பதைப் பார்த்தவுடன் சொல்ல முடியாது.

1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யுடிஆர் பணியில் பட்டாப் பெயர்கள் மாறிப்போன குடும்பங்கள் ஏராளம். கூட்டாக அனுபவித்த நிலத்துக்கு மூத்தவர் பெயரில் மட்டும் பட்டா ஏறியிருக்கும். நாற்பது வருடம் கழித்து அவருடைய மகன் அதைக் காட்டி, முழுவதும் எங்களுடையது என்பார். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது மட்டும் உரிமைமூலம் ஆகாது. இதை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆனால் அதை நிரூபிக்க யுடிஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் நகல் வேண்டும், அடங்கல் வேண்டும், கிஸ்தி ரசீது வேண்டும். இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975-க்குப் பிந்தையதுதான். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதல் மனு போடவேண்டும். இந்த அலைச்சலுக்குச் சலிக்காத ஜூனியரைச் சீனியர்கள் விடமாட்டார்கள்.

காரிமங்கலத்து அலுவலகத்தில் அடிக்கடி கேட்கக்கூடிய பேச்சு ஒன்று. “எங்கப்பா சொத்துங்க சார். அண்ணன் பாகம் தரமாட்டேங்கிறாரு. நான் கல்யாணம் ஆகிப் போனவளாம், எனக்கு இல்லையாம்.” வழக்கறிஞர் உடனே சட்டம் சொல்லக் கூடாது. “அப்பா எப்பம்மா தவறினாரு? அந்த நிலம் அப்பா வாங்குனதா, தாத்தா வழி வந்ததா?” என்று கேட்கவேண்டும்.

அப்பா சொந்தமாக வாங்கி, உயில் எழுதாமல் 1956-க்குப் பிறகு இறந்திருந்தால் கணக்கு எளிது: அம்மா, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமம். திருமணம் எப்போது நடந்தது என்பதற்கு இங்கே இடமே இல்லை. அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பிராது எழுதும்போது இந்தப் பாட்டியை மறந்துவிடுபவர்கள் நிறையப் பேர். தாத்தா வழி வந்த கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால்தான் மகளின் பிறப்புரிமை பற்றிய பேச்சு வருகிறது. தமிழ்நாடு 1989-லேயே தன் திருத்தச் சட்டத்தால் மகளுக்கு மகனைப் போல உரிமை தந்தது, ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9 அன்று வந்த மத்தியத் திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்த்தது: வேண்டியதில்லை, உரிமை பிறப்பால் வருவது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டதிலிருந்து எண்ணினால் தொண்ணூறு ஆண்டுக்கு மேல் நடந்து வந்த பாதை இது. சட்டம் வந்து சேர்ந்துவிட்டது. அதை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது இனி ஊர் வக்கீல்களின் வேலை.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். எழுபதுகளிலேயே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம், இதோ கூர்சீட்டு என்பார்கள். 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்ற ஆணை மூலமோ நடந்த பாகத்தைச் சட்டம் தொடவில்லை. வாய்மொழிப் பாகத்தைச் சாதாரணமாக ஏற்கக் கூடாது, அரசு ஆவணங்கள் அதை ஆதரிக்கும் அபூர்வ நேரங்களில் மட்டும் ஏற்கலாம் என்பது வினீதா சர்மா தீர்ப்பின் நிலை. ஆகவே தனித்தனிப் பட்டா, தனித்தனிக் கடன், தனித்தனி விற்பனை என்று அன்றுமுதல் இருந்ததா என்று தேடவேண்டும். கூர்சீட்டும் இரண்டு வகை. முன்பே பிரித்துக்கொண்டதை நினைவுக்காக எழுதி வைத்த தாளுக்குப் பதிவு தேவையில்லை. அந்தத் தாளே நிலத்தைப் பிரிக்கிறது என்றால் பதிவு கட்டாயம். எழுதிய வாக்கியம் இறந்த காலத்தில் இருக்கிறதா நிகழ்காலத்தில் இருக்கிறதா என்பதிலேயே வழக்கு சாயலாம்.

உயில் வழக்கு தனிக் கலை. உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை. காரிமங்கலத்தில் எழுதிய, காரிமங்கலத்து நிலத்தைப் பற்றிய இந்து ஒருவரின் உயிலுக்கு நீதிமன்றத்தில் புரோபேட் என்ற உறுதிச் சான்று வாங்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும்; உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றித்தான் உயிலை நிரூபிக்கவேண்டும். பதிவான உயிலுக்கும் இதே விதிதான். 1958-இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் அடிப்படை: உயிலால் பெரும் பலன் பெறுபவரே அதை எழுதுவதில் முன்னின்று வேலை பார்த்திருந்தால், அந்தச் சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பும் அவருடையது. இதிலிருந்து அலுவலக நடைமுறை ஒன்று கிடைக்கிறது. பெரியவர் ஒருவர் உயில் எழுத வந்தால் கூட வந்த மகனை வெளியே உட்காரவைத்துவிட்டு அவரிடம் தனியாகப் பேசவேண்டும். சாட்சிகளாக அவரைவிட வயதில் இளையவர்களை, ஊரிலேயே இருக்கக்கூடியவர்களைப் போடவேண்டும். பங்கு கொடுக்காமல் விடும் பிள்ளைக்கு ஏன் இல்லை என்பதை உயிலிலேயே ஒரு வரியில் எழுதிவைத்தால், பின்னால் பத்து வருடக் குறுக்கு விசாரணை மிச்சமாகும்.

பாக்கிப் பக்கம் வருவோம். பாலக்கோட்டு மண்டிக்காரர் ஒருவருக்கு வெளியூர் வியாபாரி எட்டு லட்சம் தரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழக்கு போடுமுன் நான்கு விஷயங்களைப் பார்த்தாகவேண்டும். மண்டி கூட்டு வியாபாரமாக இருந்தால், கூட்டாண்மை பதிவானதா? 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69-வது பிரிவுப்படி, பதிவாகாத நிறுவனம் ஒப்பந்தத்தை வைத்து வெளியாள்மேல் வழக்குப் போட முடியாது. அடுத்து, கடைசிச் சரக்கு போன நாளிலிருந்து மூன்று வருடம் தாண்டிவிட்டதா? தாண்டும் முன் எதிராளி கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்ட கடிதமோ, அவரே எழுதிக் கொடுத்த வரவோ இருந்தால் அன்றிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும். புரோநோட்டின் பின்பக்கத்தில் எழுதும் வரவுக்கு இவ்வளவு மரியாதை இதனால்தான். மூன்று வருடம் முடிந்தபின் எழுதிய வரவு கெடுவை நீட்டாது.

மூன்றாவது, இது வணிகத் தகராறா? 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம் முதலில் ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வழக்குகளுக்கே பொருந்தியது. 2018 திருத்தம் அதை மூன்று லட்சமாகக் குறைத்தது. அன்றே இந்தச் சட்டம் மாநகரங்களை விட்டு மண்டிகளுக்கு வந்துவிட்டது. அதற்குள் வரும் வழக்கில், அவசர இடைக்கால உத்தரவு தேவைப்பட்டால் தவிர, முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் சமரசத்துக்குப் போகவேண்டும். போகாமல் தாக்கல் செய்த பிராது நிராகரிக்கப்படும் என்று 2022-இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. சமரசத்தில் கழியும் காலம் கெடுவில் சேராது. பிரதிவாதி சம்மன் கிடைத்த 120 நாளுக்குள் எதிருரை போடாவிட்டால் அந்த உரிமையே போய்விடும். சாதாரண சிவில் வழக்கின் தாராளத்துக்குப் பழகியவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். நான்காவது, ஆதாரம். பில், லாரி ரசீது, ஜிஎஸ்டி கணக்கு, வாட்ஸாப் பேச்சு எல்லாம் பயன்படும். செல்போனில் இருப்பதை அச்செடுத்துக் கொடுத்தால் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவில் சொன்ன சான்றிதழும் வேண்டும்.

காசோலை கொடுத்துத் திரும்பியிருந்தால் வேறொரு பாதை திறக்கும். திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்தபின் 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். சிறு கிரானைட் பாலிஷ் பட்டறை, மாங்கூழ் தயாரிப்பவர் போன்ற பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு ஆயுதம் தருகிறது: வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியின் மூன்று மடங்கு கூட்டுவட்டி. இந்தச் சட்டத்தைத் தெரியாமலே அசலுக்குக் கெஞ்சிக்கொண்டிருக்கும் பட்டறைக்காரர்கள் பலர். பதிவுச் சான்றை எடுத்து வரச் சொல்வது வக்கீலின் முதல் வேலையாக இருக்கட்டும்.

பாகமும் பாக்கியும் ஒன்றில் ஒன்று சிக்கும் இடத்துக்குத்தான் நல்ல வழக்கறிஞர் தேவை. வியாபாரி ஒருவர் இறந்துவிடுகிறார். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் பங்குதாரரின் மரணத்தோடு கூட்டாண்மை கலைகிறது. மற்ற பங்காளி கணக்கு முடிக்காமல் கடையை நடத்திக்கொண்டே போனால், இறந்தவர் பங்குக்கு உரிய லாபத்தையோ அல்லது ஆண்டுக்கு ஆறு சதவீத வட்டியையோ வாரிசுகள் தேர்ந்தெடுத்துக் கேட்கலாம். இறந்தவரின் கடன்காரர்கள் பிள்ளைகளைத் தேடி வருவார்கள். அப்பாவிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே பிள்ளைகள் பொறுப்பு. அப்பா கடனை மகன் தர்மத்துக்காக அடைத்தே தீரவேண்டும் என்ற பழைய கொள்கையை 2005 திருத்தம் எடுத்துவிட்டது. வங்கியில் நாமினி என்று ஒரு மகன் பெயர் இருந்தால் பணம் அவர் கைக்கு வரும், ஆனால் மற்ற வாரிசுகளுக்கும் சேர்த்தே அவர் அதை வைத்திருக்கிறார். பங்குச் சந்தை முதலீட்டுக்கும் இதுவே விதி என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போகுமுன்பே இந்தக் கேள்விகள் வீட்டில் எழுந்துவிடும். அப்போது நிதானமாக ஒரு தாளில் சொத்து, கடன், வாரிசு மூன்றையும் எழுதிக் கொடுக்கும் வக்கீலைக் குடும்பம் தலைமுறைக்கும் மறக்காது.

கட்டணத்தில் ஒரு கோடு உண்டு. நிலம் ஜெயித்தால் இத்தனை சென்ட் உங்களுக்கு என்று கட்சிக்காரர் ஆசையாகவே சொல்வார். கையில் காசில்லாதவர் வேறென்ன சொல்ல முடியும்? பார் கவுன்சில் விதிகள் அதைத் தடை செய்கின்றன: வழக்கின் முடிவைப் பொறுத்த கட்டணமும் கூடாது, கிடைப்பதில் பங்கும் கூடாது. தான் நடத்திய வழக்கில் ஏலத்துக்கு வரும் சொத்தை வக்கீலே எடுக்கவும் கூடாது. காசில்லாதவருக்குத் தவணை தரலாம், சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வழிகாட்டலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. பாக வழக்கில் நீதிமன்றக் கட்டணமும் சிந்தித்து முடிவெடுக்க வேண்டியது. கூட்டு அனுபவத்தில் இருக்கிறேன் என்றால் நிலையான சிறு கட்டணம். வெளியேற்றப்பட்டேன் என்றால் பங்கின் சந்தை மதிப்புக்கு ஏற்பக் கட்டணம். அந்த விகிதம் தமிழ்நாட்டில் 2017-இல் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. பணம் மிச்சம் பிடிக்கப் பொய்யாகக் கூட்டு அனுபவம் என்று எழுதினால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வது கட்சிக்காரர்தான்.

தமிழில் நன்றாக எழுதத் தெரிந்திருப்பது இங்கே பெரிய பலம். கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில்தான் பதிவாகிறது. இந்த மாவட்டத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் கட்சிக்காரர்களும் உண்டு. அவர்கள் மொழியில் நாலு வார்த்தை பேசினால் அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

கடைசியாக, பலர் பாதியில் விட்டுவிடும் கட்டம். பாக வழக்கில் முதல்நிலைத் தீர்ப்பாணை யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும் சொல்லும். எந்த மூலை யாருக்கு என்பது இறுதித் தீர்ப்பாணையில்தான். ஜெயித்தாயிற்று என்று குடும்பம் இனிப்புக் கொடுத்துவிட்டுப் போய், இறுதி மனு போடாமலே பத்து வருடம் கிடக்கும் வழக்குகள் உண்டு. இந்த நிலையை மாற்ற, முதல்நிலைத் தீர்ப்பாணைக்குப் பிறகு தனி மனுவுக்குக் காத்திராமல் விசாரணை நீதிமன்றமே வழக்கை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லவேண்டும் என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் சொன்னது. வழக்கறிஞர் ஆணையர் சர்வேயரோடு நிலத்துக்கு வரும் நாளில் இளம் வழக்கறிஞர் நேரில் போகவேண்டும். கிணறும் பாதையும் எந்தப் பங்கில் விழுகின்றன, தென்னை யார் பக்கம், மின் இணைப்பு யார் பெயரில் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுதி வாங்கி, வட்டாட்சியர் அலுவலகத்தில் உட்பிரிவுக்கு மனுப் போட்டு, புதிய எண் கட்சிக்காரர் பெயரில் பட்டாவில் ஏறிய பிறகே அந்தக் கேஸ் கட்டை மூடி அலமாரியில் வைக்கலாம்.